சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், ஏன் இவ்வளவு நேரம்?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே 15,349 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல், நாமும் டிக்கெட் வாங்கிப் போகக்கூடிய விமானப் பயணங்களில் இன்றைக்கு உலகத்திலேயே நீளமானது இதுதான். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய பதினெட்டே முக்கால் மணி. சரி, பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதானே, தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிட வேண்டும். இந்த வகை விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், பதினேழு மணி நேரம் வருகிறது. மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று?

அது எங்கேயும் தொலைந்து போகவில்லை. அந்த வகுத்தலில் நாம் போட்ட இரண்டு எண்களுமே காகிதத்து எண்கள், அவ்வளவுதான். அந்த விமானம் கிட்டத்தட்ட ஒருநாளும் 15,349 கிலோமீட்டர் மட்டும் பறப்பதில்லை, தரைக்கு மேலே சரியாக 900 வேகத்திலும் போவதில்லை. டிக்கெட்டில் இருக்கும் நேரமோ பறக்கும் நேரமே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தூரம். இரண்டு ஊருக்கு நடுவே சாலைத் தூரம் என்றால் சாலை எப்படி வளைகிறதோ அப்படி அளக்கலாம். வானத்தில் சாலை கிடையாது. அதனால் பூமி உருண்டையின் மேல்பரப்பிலேயே இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு எதுவோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். வீட்டில் ஒரு பூசணிக்காயோ பந்தோ இருந்தால் இரண்டு இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, ஒரு நூலை இரண்டு புள்ளிக்கும் நடுவே இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வழுக்கிக்கொண்டு போய் எங்கே தங்குகிறதோ அதுதான் பெருவட்டம். இதில் கஷ்டப்பட்டுப் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணைத்தான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்–நியூயார்க் ஜோடியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதன் தூரத்தைக் கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 டிகிரியில். இரண்டையும் கூட்டினால் 178, அதாவது ஏறக்குறைய 180. உருண்டையின் இந்தப் பக்கம் ஒருவர் நின்றால் இன்னொருவர் கிட்டத்தட்ட நேர் பின்பக்கத்தில். இப்படி எதிரெதிரே இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் குறுக்கு வழி எது? தலைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்குவதுதான், அதாவது வடதுருவம் வழியாக. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 டிகிரியில் இருப்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி ஏற வேண்டும். நியூயார்க் 40.6 டிகிரியில் இருப்பதால் துருவத்திலிருந்து 49.4 டிகிரி இறங்க வேண்டும். மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,346. கணினி சொல்லும் 15,349-க்கு மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதுவும் பூமி சரியான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் லேசாகத் தட்டையாக இருப்பது போன்ற சில்லறைக் காரணங்களால் வருவது.

உலகில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர்தான், ஏனென்றால் பூமியின் சுற்றளவு 40,000. அதற்கு மேல் போனால் மறுபக்கமாகக் கிட்டே வந்துவிடுவீர்கள். அதில் முக்கால் பங்குக்கும் மேலே ஒரே மூச்சில் போகிறது இந்த விமானம்.

விமானத் துறையில் கிலோமீட்டரைவிடக் கடல் மைல்தான் புழக்கம். அதையும் இந்தக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஒரு டிகிரியை அறுபது பாகமாகப் பிரித்தால் வரும் ஒரு பாகத்தின் நீளம்தான் முதலில் கடல் மைலாக இருந்தது, இன்றைக்கு அது 1.852 கிலோமீட்டர் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். 138 டிகிரியை 60-ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். மாலுமிகள் ஏன் இந்த அளவை விடவே மாட்டேன் என்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இப்போது சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தை எடுங்கள். அதில் ஸ்கேல் வைத்துச் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோடு போட்டால், கோடு கொழும்புப் பக்கமாக இலங்கையைத் தாண்டி, கன்னியாகுமரிக்குச் சற்றுத் தெற்கே கடலில் நுழைந்து, ஏமன், செங்கடல், சூடான், சஹாரா என்று போய் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூயார்க்கைத் தொடும். பார்க்க மிக நேர்மையான கோடு. ஆனால் உருண்டையின் மேல் அதே கோட்டின் நீளம் ஏறக்குறைய 18,500 கிலோமீட்டர். துருவ வழியைவிட மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் அதிகம். இந்தியாவின் தெற்கு முனைக்கும் வடக்கு முனைக்கும் நடுவே இருக்கும் தூரமே 3,214 கிலோமீட்டர்தான், ஆக ஒரு முழு இந்தியாவை வெட்டியாகச் சுற்றியதற்குச் சமம்.

குறை ஸ்கேலில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. நாம் அதிகம் பார்க்கும் மெர்கேட்டர் வகை வரைபடம் 1569-ல் கடலோடிகளுக்காக உருவானது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் அதில் நேர்கோடாக விழும், கப்பலுக்கு அது பெரிய வசதி. அந்த வசதிக்கு விலையாகத் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் அது இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது இதனால்தான், உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் பதினான்கு மடங்கு பெரியது. விமானத்தின் இருக்கைத் திரையில் நம் பாதை வில் மாதிரி வளைந்து தெரிவதும் இதனால்தான். விமானி சுற்றிக்கொண்டு போகிறார் என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தால், வளைந்திருப்பது பாதை இல்லை, திரையில் இருக்கும் வரைபடம் என்று சொல்லிப் பாருங்கள். நம்புவாரா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் இந்த விமானம் தினமும் துருவத்தின் மேலாகத்தான் போகிறதா? அந்த மிகக் குறுகிய கோடு தாய்லாந்து வளைகுடாவில் ஏறி, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாகத் துருவத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்குள் போய், கனடாவின் பனித்தீவுகள் வழியாக இறங்குகிறது. கோட்டைப் போடுவது சுலபம். அதில் பறப்பதற்குச் சைபீரியாவின் வான்வெளி திறந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆளில்லாத பனிக்காட்டில் ஏதாவது ஆனால் இறங்க விமான நிலையம் வேண்டும். மைனஸ் 60-க்கும் கீழே போகக்கூடிய குளிரில் எரிபொருள் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நாம் பொதுவாகப் பயன்படுத்தும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரிவாக்கில் உறைய ஆரம்பிக்கும். இதெல்லாம் முடியாத காரியங்கள் இல்லை. 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பெங்களூர் வந்து இறங்கியது. ஆனால் சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் துருவத்தை விட்டு விலகிப் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு, எனக்கு மிகப் பிடித்த காரணம் அதுதான். காற்று.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பெரிய விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் காற்று என்று சொல்வார்கள். வெப்பமான நிலநடுக்கோட்டுப் பகுதிக்கும் குளிர்ந்த துருவத்துக்கும் இடையே இருக்கும் வெப்ப வித்தியாசம் காற்றைத் துருவப் பக்கம் தள்ளுகிறது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. ஜப்பானின் வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்துவிட்டார். உலகமே படிக்க வேண்டும் என்று நினைத்து முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற, உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கிய மொழியில் வெளியிட்டார், அதனாலேயே உலகத்தில் பெரும்பாலோர் படிக்காமல் விட்டார்கள். 1944-ல் ஜப்பானுக்கு மேலே குண்டுபோட வந்த அமெரிக்க பி-29 விமானிகள் காற்றில் மாட்டி இலக்கைத் தவறவிட்டபோதுதான் பலருக்கும் இதன் வலிமை உறைத்தது.

இதை நம் ஊர்ப் பாணியில் யோசித்தால், பரிசலில் ஆற்றோடு போவதும் ஆற்றை எதிர்த்துப் போவதும். பரிசல் தண்ணீரில் என்ன வேகத்தில் போகிறதோ அது ஒன்று, கரையில் நிற்பவர் பார்க்கும் வேகம் இன்னொன்று. விமானத்துக்கும் இப்படி இரண்டு வேகம் உண்டு. 900 கிலோமீட்டர் என்பது காற்றைப் பொறுத்த வேகம். பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் காற்று தள்ளினால் தரையைப் பொறுத்து 1,050, எதிரே அடித்தால் 750. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, சாதாரணமாக ஆறு மணிக்கு மேல் ஆகும் பயணம். அப்போது தரையைப் பொறுத்த அதன் வேகம் 1,300-ஐத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை, விமானம் தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது காற்று தள்ளினால் வரும்போது தடுக்கும், ஆக மொத்தத்தில் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 9,000 கிலோமீட்டர் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லையென்றால் போக 10 மணி, வர 10 மணி, மொத்தம் 20. இப்போது 100 கிலோமீட்டர் காற்று. போகும்போது வேகம் 1,000, ஆகவே 9 மணி நேரம். வரும்போது 800, ஆகவே 11 மணி 15 நிமிடம். கூட்டினால் 20 மணி 15 நிமிடம். காற்று கொடுத்ததைவிடப் பிடுங்கியதுதான் அதிகம், ஏனென்றால் அது தடுக்கும்போது நாம் அதற்குள் கூடுதல் நேரம் இருக்கிறோம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார், பூமிதான் மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறதே, அப்படியானால் விமானம் மேலே ஏறிச் சும்மா நின்றாலே மேற்கே இருக்கும் ஊர் கீழே வந்துவிடாதா என்று. நானும் சின்ன வயதில் இப்படித்தான் நினைத்திருந்தேன். ஓடும் ரயிலில் உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போடுங்கள், அது பின்பெட்டிக்குப் போகாது, உங்கள் மடியிலேயே விழும். நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது, ஆனால் அதன் மேலிருக்கும் காற்றும் விமானமும் ஓடுபாதையும் எல்லாம் சேர்ந்தேதான் சுழல்கின்றன. கிழக்கே போகும்போது நேரம் குறைவதற்கும் அந்தச் சுழற்சிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, அது ஜெட் காற்றின் வேலை.

சரி, நம் விமானத்துக்கு வருவோம். சிங்கப்பூரும் நியூயார்க்கும் நேர் எதிரெதிரே இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எந்தப் பக்கம் போவார்கள்? காற்று தள்ளும் பக்கம்தான். நியூயார்க் போகும்போது வழக்கமாகக் கிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கமாகப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி, வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. திரும்பும்போது? வந்த வழியே போனால் அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் பல நாட்களில் நியூயார்க்கிலிருந்தும் கிழக்கே கிளம்பி, அட்லாண்டிக், ஐரோப்பா, மத்திய ஆசியா வழியாகச் சிங்கப்பூர் வருகிறது. அதாவது போனதும் கிழக்கு, வந்ததும் கிழக்கு. வேலையாக நியூயார்க் போய்த் திரும்பிய ஒருவர், தனக்குத் தெரியாமலேயே உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். வீட்டில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயம் கூடுதலாக அவர் கணக்கில் சேர்ந்திருக்கும், தூங்கிக்கொண்டிருந்தாலும்.

இந்தச் சுற்றலுக்காகக் கூடுதல் கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கிறது. 2018-ல் பக்கத்திலேயே இருக்கும் நெவார்க் விமான நிலையத்துக்குச் சேவை தொடங்கியபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனமே பயணத் தூரம் ஏறக்குறைய 16,700 கிலோமீட்டர் என்றுதான் அறிவித்தது. பெருவட்டக் கணக்கில் நெவார்க்கும் 15,344 கிலோமீட்டர்தான். 1,350 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் மொத்தத்தில் எரிபொருள் மிச்சம் என்றால் அந்த வழிதான் குறுக்கு வழி. விமான நிறுவனம் கிலோமீட்டரை எண்ணுவதில்லை, எரியும் எண்ணெயைத்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்து, கணினியில் பாதையைப் புதிதாகப் போடுகிறார்கள். நேற்று போன வழியும் இன்று போகும் வழியும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

டிக்கெட் நேரம் பற்றி ஒரு வார்த்தை. அது விமானம் நிலைய வாசலிலிருந்து பின்னால் தள்ளப்படும் நொடியில் தொடங்கி, சேருமிடத்தில் வாசலில் வந்து நிற்கும் நொடியில் முடிகிறது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி கட்டை வைப்பது வரை என்று சொல்லலாம், பிளாக் டைம் என்று இதைச் சொல்வதே அதனால்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் ஏழெட்டு விமானங்கள் கிளம்பும்வரை காத்திருப்பது, மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் மெதுவாகப் போவது, நியூயார்க் மாதிரி நெரிசலான வானத்தில் வரிசைக்காக வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம். அதற்கும் மேலே நிறுவனங்கள் கொஞ்சம் நிமிடங்களைச் சேர்த்தே போட்டுவைக்கும். இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று விமானி மைக்கில் பெருமையாகச் சொல்வாரே, அதில் பாதிப் பெருமை அட்டவணை போட்டவருக்குச் சேர வேண்டியது. இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புங்கள். தூரம் கூடியது, காற்று கொஞ்சம் ஈடுகட்டியது, தரையில் ஊர்ந்த நேரம் சேர்ந்தது, பதினேழு பதினெட்டே முக்கால் ஆனது.

கடிகாரக் கணக்கு தனி. இதில்தான் முதல்முறை போகிறவர்கள் குழம்புவார்கள். சிங்கப்பூர் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைப்பதால் 4 மணி பின்னால். ஆக வித்தியாசம் குளிர்காலத்தில் 13, கோடையில் 12. உதாரணத்துக்குக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறக்கிறீர்கள் என்று வையுங்கள். இறங்கும்போது சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை ஆறரை. பன்னிரண்டைக் கழித்தால் நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை மாலை ஆறரை. டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு ஏதோ ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது அதே கணக்கு பழிவாங்கும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஏறினால், நியூயார்க் நேரப்படி திங்கள் மாலை நாலரைக்கு இறங்குகிறீர்கள், பன்னிரண்டைக் கூட்டினால் சிங்கப்பூரில் செவ்வாய் விடிகாலை நாலரை. திங்கட்கிழமை என்று ஒன்று வந்ததா போனதா என்றே தெரியாது. இந்த மாதிரி டிக்கெட்டில் செவ்வாய்க்கிழமை இறங்குவதை மறந்து திங்கட்கிழமை கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வழிதான்: கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள்.

தேதிக்கோட்டைத் தாண்டினால் இந்தக் கணக்கு மாறுமா என்று கேட்டால், மாறாது. பசிபிக் வழியாகப் போனாலும் அட்லாண்டிக் வழியாகப் போனாலும் நியூயார்க்கில் அப்போது என்ன மணியோ அதுதான் மணி.

காற்றும் கடிகாரமுமாவது இயற்கையோடு சேர்ந்தவை. மனிதர்கள் போடும் வேலி வேறு இருக்கிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, மிக அதிகமாக அடிவாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள், அது ஏறக்குறைய பதின்மூன்று ஆனது. ஒரு வழி வடதுருவத்தின் மேலாகச் சுற்றிப் போவது. துருவத்தைத் தாண்டியதற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள், மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு ஏதோ ஆறுதல். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோதும் இதே கதை, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. அந்த ஊர்கள் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. தூரம் என்று எதைச் சொல்வது?

எரிபொருள் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விமானம் தூரமாகப் போக முடியுமா என்பது பெரிய டாங்கு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இல்லை. பதினெட்டாவது மணி நேரத்துக்கான எண்ணெயை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்துகொண்டு போக வேண்டும், அந்தச் சுமையைத் தூக்குவதற்கே எண்ணெய் எரியும். சிங்கப்பூரிலிருந்து நெவார்க்குக்கு 2004-லேயே நேரடி விமானம் இருந்தது, நான்கு இன்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500. எண்ணெய் குடித்துத் தீர்த்ததால் கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தினார்கள். இரண்டே இன்ஜின் உள்ள, மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏ350-900 யுஎல்ஆர் வந்த பிறகு 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கியது, ஜே.எஃப்.கே.-க்கான சேவை 2020 நவம்பரில். இந்த வகையில் டாங்கு நிரம்ப 165,000 லிட்டர் பிடிக்கும், நம் சாலைகளில் பார்க்கும் 20,000 லிட்டர் டேங்கர் லாரி எட்டு நின்றாலும் பற்றாது. எடையில் சுமார் 132 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான், ஆக டாங்கு நிரம்பினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெயே. மிச்சத்தில்தான் விமானம், ஆட்கள், பெட்டிகள், சாப்பாடு.

அதனால் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வழக்கமான நீண்டதூர ஏ350-900-ல் 253 இருக்கைகள், இந்த வகையில் 161 மட்டும். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. இதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் டிக்கெட் விலையைப் பார்த்தால் வருத்தம்தான், ஆனால் கணக்கு அப்படி.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னையிலிருந்து நியூயார்க் பெருவட்டத்தில் சுமார் 13,480 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால், சென்னை–துபாய் 2,930, துபாய்–நியூயார்க் 11,020, மொத்தம் 13,950. கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர்தான் கூடுதல், சென்னையிலிருந்து மதுரை போகும் அளவு. சிங்கப்பூர் வழியாக என்றால் சென்னை–சிங்கப்பூரும் அதே 2,900-சொச்சம்தான், ஆனால் அங்கிருந்து இன்னும் 15,349, மொத்தம் 18,270. துபாயும் சிங்கப்பூரும் சென்னைக்கு ஏறக்குறைய ஒரே தூரம், ஒன்று போகிற வழியில் இருக்கிறது, இன்னொன்று முதுகுப் பக்கம். இந்தக் கணக்கைப் போடாமல், டிக்கெட் கொஞ்சம் மலிவு என்பதற்காகக் கிழக்கே போய் மேற்கே சேர்ந்து கால் வீங்கி இறங்கியவர்களில் நானும் ஒருவன். உங்கள் பயணத்துக்கும் இதை நீங்களே போடலாம்: ஒவ்வொரு கட்டத்தின் பெருவட்டத் தூரத்தையும் கூட்டி, நேர்த் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பறக்கும் நேரத்துக்கு 850-ஆல் வகுத்து, கட்டத்துக்கு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அரை மணி முன்பின்னாகச் சரியாக வரும். இடையில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட மறக்க வேண்டாம், பலரைக் களைப்படைய வைப்பது அதுதான்.

கடைசியாக ஒரு பழைய பயணம். 1943-ல் இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டதால் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் விமான நிறுவனம் கேடலினா என்ற கடல் விமானங்களை எடுத்து, பெர்த் நகரத்து ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரி வரை எங்கும் இறங்காமல் பறக்கவிட்டது. தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர், இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேர வேலை. கேடலினாவுக்கு 27-லிருந்து 33 மணி நேரம் ஆயிற்று. எண்ணெய்ச் சுமையால் ஒரு தடவைக்கு மூன்று பயணிகளுக்குத்தான் இடம். எதிரி காதில் விழக்கூடாது என்று வானொலியில் பேசவும் மாட்டார்கள், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்த்துவிடுவார்கள் என்பதால் இரட்டை உதயப் பயணம் என்றே அதற்குப் பெயர் வந்தது, போனவர்களுக்குச் சான்றிதழும் உண்டு. சிட்னியிலிருந்து லண்டனுக்குச் சுமார் 17,000 கிலோமீட்டரை ஒரே மூச்சில், இருபது மணி நேரத்துக்கு மேல் பறக்க அதே நிறுவனம் இப்போது போட்டிருக்கும் திட்டத்துக்கும் சூரிய உதயம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.